சிங்கப்பூரில் ஒரு சர்பத் கணக்கு



வணிகவியல் வகுப்பில் 'வணிகச் சூழல்' என்ற சொல் அடிக்கடி வரும். சூழல் மாறினால் வியாபாரமும் மாறணும் என்று படிச்சிருக்கோம். எதை மாற்றுவது, எதை விடுவது? அதைப் போன ஆண்டு, அதாவது 2025 ஏப்ரலில், சிங்கப்பூர் மாணவர் பரிமாற்றப் பயணத்தில் ஒரு செயல்திட்டம் வழியாகக் கற்றுக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

செயல்திட்டம் இதுதான்: ஐந்து பேர் குழு, ஒரே நாள், ஒரு பானக் கடை. எங்கள் குழுவில் நம்ம பள்ளியிலிருந்து இருவர். அங்குள்ள மாணவர் மூவர் (ஒரு மலாய்ப் பெண், ஒரு சீனப் பையன், ஒரு தமிழ்ப் பெண்). நாங்கள் எடுத்துப் போன திட்டம் நன்னாரி சர்பத். நம்ம ஊர் வெயிலுக்கும் அந்த ஊர் புழுக்கத்துக்கும் அதைவிட என்ன வேணும்?

முதல் நாளே அங்குள்ள ஆசிரியை ஒரு நிபந்தனை வச்சாங்க. சின்னக் கடைகளுக்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் நீங்கள் பல கிளைகள் உள்ள பெரிய கடை என்று நினைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள் என்றார். விஷயம் என்னவென்றால், சிங்கப்பூரில் பானங்களுக்கு மார்க் போடுகிறார்கள்! பாட்டில், டப்பா பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதலும், கடையில் கலக்கிக் கொடுப்பவற்றுக்கு 2023 டிசம்பர் 30 முதலும் இந்த விதி நடைமுறைக்கு வந்தது. 100 மில்லியில் சர்க்கரை 1 கிராம் வரை என்றால் ஏ (இனிப்பூட்டியும் இருக்கக் கூடாது), 5 வரை பி, 10 வரை சி, அதற்கு மேல் டி. கொழுப்பையும் பார்ப்பார்கள், சர்பத்துக்கு அந்தக் கவலை இல்லை. சி, டி வாங்கினால் அதை எழுதி ஒட்டியே ஆகணும். டி என்றால் கடைக்கு வெளியே விளம்பரமே கூடாது.

எங்கள் சர்பத்தைக் கணக்கு போட்டோம். 200 மில்லி டம்ளருக்கு 40 மில்லி சிரப். பாட்டில் லேபிளில் 100 மில்லிக்கு 60 கிராம் சர்க்கரை என்று இருந்தது. அப்படியானால் டம்ளருக்கு 24 கிராம், அதாவது 100 மில்லிக்கு 12. டி! சிரப்பைப் பாதியாக்கினால் 6, சி. 16 மில்லியாக்கினால் 4.8, பி. சந்தோஷப்பட்டுக் குடித்துப் பார்த்தால் எலுமிச்சைத் தண்ணிதான், நன்னாரியைக் காணோம்.

"பேசாம கோலா வித்துடலாம்" என்று ஒரு குரல் வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோலா விற்க நாங்கள் எதற்கு? சர்க்கரை சிரப்பில் இருக்கிறது, மணம் வேரில் இருக்கிறது. வேரை மட்டும் தனியாகச் சேர்த்தால்? தமிழ்ப் பெண் எங்களைத் தேக்கா பக்கம் கூட்டிப் போனாள். நன்னாரி வேர் கிடைத்தது. அதைத் தட்டி, வெந்நீரில் இரவெல்லாம் ஊறவைத்து, வடிகட்டிய நீரைச் சாதாரணத் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றினோம். மணம் திரும்பி வந்துவிட்டது. அதே 16 மில்லி, அதே பி.

அடுத்த சிக்கல் பெயர். நன்னாரி என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. சீனப் பையன் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது சார்சி மாதிரி இருக்கே!" என்றான். சார்சி என்பது அங்கே டப்பாவில் விற்கும் சோடா. சார்சபரிலா சுவை உடையது. செடி வேறுதான், ஆனால் நன்னாரியை ஆங்கிலத்தில் இந்தியச் சார்சபரிலா என்றே சொல்வார்கள். மலாய்ப் பெண் சப்ஜா விதையைப் பார்த்ததும், "இது எங்க செலாசே!" என்றாள். பலகையில் பெயருக்குக் கீழே இந்த இரண்டு சொல்லையும் சேர்த்தோம். அப்புறம் யாரும் "இது என்ன?" என்று கேட்டுவிட்டு நகரவில்லை.

இனிப்பு அளவு சொல்லும் முறையைக் கோப்பிக் கடையில் பார்த்துப் பழகினோம். அங்கே 'கோப்பி' என்றால் கெட்டிப்பால் சேர்த்தது, 'கோப்பி ஓ' என்றால் பாலில்லாதது. 'சியூ டாய்' என்றால் இனிப்புக் குறைவு, 'கோசோங்' என்றால் இனிப்பே இல்லை. கோசோங் மலாய்ச் சொல், 'காலி' என்று பொருள். ஓ என்பது ஹொக்கியன் சீனத்தில் 'கறுப்பு'. ஒரு காபிக்குள் இரண்டு மூன்று மொழி! வாங்க வருபவர்களின் பேச்சுக்கு ஏற்பக் கடை வளைந்து கொடுத்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடநூலிலும் நான் பார்க்கவில்லை. நாங்களும் 'சியூ டாய்' என்றே எழுதி வைத்தோம்.

இனி பணக் கணக்கு. மாறாச் செலவு 52 டாலர். விலை டம்ளருக்கு 2 டாலர். (அப்போது ஒரு டாலர் சுமார் 65 ரூபாய். ஒரு சர்பத் 130 ரூபாய் என்றால் எங்கம்மா மயக்கம் போட்டிருப்பாங்க!) பழைய முறையில் மாறும் செலவு 70 காசு, மிச்சம் 1.30. 52ஐ 1.30ஆல் வகுத்தால் 40 டம்ளர் விற்றால்தான் நட்டமில்லை. சிரப் குறைந்து வேர் சேர்ந்த பிறகு மாறும் செலவு 60 காசு, மிச்சம் 1.40. இப்போது 38 டம்ளர் போதும். சர்க்கரையைக் குறைக்கப் போய்ச் செலவும் குறைந்தது.

மாலை மூன்று மணிக்குள் 71 டம்ளர் போனது. ஐஸ் தீர்ந்ததால் கடையைக் கட்டினோம்.

செய்து பார்க்க விரும்புவோருக்கு அளவு (ஒரு டம்ளர், 200 மில்லி): நன்னாரி சிரப் 16 மில்லி, அரை எலுமிச்சம்பழச் சாறு, ஊறிய சப்ஜா ஒரு தேக்கரண்டி, மீதி வேர் ஊறிய நீர். உங்கள் பாட்டில் லேபிளில் சர்க்கரை அளவு வேறாக இருந்தால் 16ஐ அப்படியே எடுக்காதீர்கள், திரும்பக் கணக்குப் போடுங்கள். விடையை வணிகவியல் சாரிடம் காட்டலாம்.

– +2 மாணவி, வணிகவியல் பிரிவு