பின்சக்கரம் ஏன் அகலம்?

உராய்வு விசை, தொடும் பரப்பின் அளவைப் பொறுத்ததன்று. அமாண்டன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1699-இல் கூறிய இவ்விதியை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். செங்கல்லைப் படுக்கவைத்து இழுத்தாலும், நிறுத்திவைத்து இழுத்தாலும் ஏறத்தாழ ஒரே விசைதான் தேவை. இதைக் கரும்பலகையில் எழுதி முடித்தவுடன் ஆண்டுதோறும் என் வகுப்பில் ஒரு மாணவர் எழுந்து, "அப்படியானால் பந்தயக் கார்களுக்கு ஏன் அகலமான டயர், சார்?" என்று கேட்பார். நல்ல கேள்வி. இதற்கு விடை காண உதவும் ஒரு பழைய காரைப் பற்றி இங்குக் காண்போம்.

ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 911 என்ற விளையாட்டுக் காரை 1963-இல் உலகுக்குக் காட்டியது. அதன் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. ஆகவே காரின் எடையில் சுமார் 60 விழுக்காடு பின்சக்கரங்கள் மீதும், 40 விழுக்காடு முன்சக்கரங்கள் மீதும் விழுகிறது. முதலில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அளவு டயர்தான். 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் இதன் கரேரா ஆர்.எஸ். 2.7 என்ற வகை வெளிவந்தபோது முன்னால் 185/70, பின்னால் 215/60 என இருவேறு அளவு டயர்கள் பூட்டப்பட்டிருந்தன. 911 வரிசையில், விற்பனைக்கு வந்த கார்களில், இப்படிச் செய்யப்பட்டது இதுவே முதன்முறை.

இந்த எண்களுக்குப் பொருள் என்ன? 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது டயர்ச் சுவரின் உயரம் அகலத்தில் 70 விழுக்காடு என்பதைக் குறிக்கும். சக்கர வளையத்தின் விட்டம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. இனிக் கணக்கிடுவோம். முன் டயரின் சுவர் 185 × 0.70 = 129.5 மி.மீ. சுவர் மேலும் கீழும் இருப்பதால் மொத்த விட்டம் 381 + 259 = 640 மி.மீ. பின் டயரின் சுவர் 215 × 0.60 = 129 மி.மீ.; மொத்த விட்டம் 639 மி.மீ. அகலத்தில் 30 மி.மீ. வேறுபாடு; உயரத்திலோ ஒரே ஒரு மி.மீ.! இது தற்செயலன்று. அளவைக் கலந்தவர்கள் எதைக் கலக்கலாம், எதைக் கலக்கக் கூடாது என்று அறிந்தே கலந்திருக்கிறார்கள்.

அகல டயர் என்றால் தரையைத் தொடும் பரப்பு அதிகம் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அதையும் சோதித்துவிடுவோம். காரும் ஓட்டுநரும் சேர்ந்து 1000 கி.கி. எனக் கொள்வோம். ஒரு பின்சக்கரத்தின் மீது 300 கி.கி., அதாவது சுமார் 3000 நியூட்டன். டயரில் அடைத்த காற்றின் அழுத்தம், வெளிக்காற்றைவிட, சதுர மீட்டருக்கு 2,00,000 நியூட்டன் அதிகம் எனில், எடையைத் தாங்கத் தேவையான பரப்பு 3000 ÷ 2,00,000 = 0.015 ச.மீ. இது 150 ச.செ.மீ.தான், ஓர் அஞ்சலட்டையைவிடச் சற்றுப் பெரிது. டயரை அகலமாக்கினால் என்ன ஆகும்? 15 செ.மீ. அகலமும் 10 செ.மீ. நீளமும் இருந்த தடம், 18 செ.மீ. அகலமும் 8 செ.மீ.க்குச் சற்று மேற்பட்ட நீளமும் உடையதாக மாறும். டயரின் விறைப்பைப் புறக்கணித்துப் போட்ட கணக்கு இது; ஆயினும் பரப்பு பெரிதும் மாறுவதில்லை என்பது உண்மையே.

அப்படியானால் அகலத்தால் என்ன பயன்? உங்கள் அழிப்பானை எடுத்து மேசை மீது செங்குத்தாக நிறுத்தி, மேலிருந்து அழுத்திக்கொண்டே பக்கவாட்டில் மெல்லத் தள்ளுங்கள். அது உடனே சறுக்குவதில்லை; முதலில் வளைகிறது. வளைவில் திரும்பும் காரின் டயரும் அப்படித்தான். சக்கரம் நோக்கும் திசைக்கும், அது உண்மையில் உருண்டு செல்லும் திசைக்கும் இடையே சில பாகை வேறுபாடு உண்டாகிறது. இதை விலகற்கோணம் என்போம். இந்தக் கோணம் இல்லாமல் பக்கவாட்டு விசையே பிறக்காது. விசை இல்லையேல் கார் திரும்பாது.

ஒரு கழியில் சுமையைத் தொங்கவிட்டு இருவர் தூக்கிச் சென்றால், சுமைக்கு அருகில் இருப்பவருக்கே பாரம் அதிகம். வளைவில் தேவைப்படும் பக்கவாட்டு விசையும் இதே கணக்குப்படிதான் பங்கிடப்படுகிறது: 911-இன் பின்சக்கரங்கள் 60 பங்கு, முன்சக்கரங்கள் 40 பங்கு. ஆனால் ரப்பர், அமாண்டன் விதிக்கு முழுதும் கட்டுப்படும் பொருளன்று. எடையை ஒன்றரை மடங்காக்கினால் அது தரும் பக்க விசை ஒன்றரை மடங்கு ஆவதில்லை; சற்றுக் குறைகிறது. எனவே நான்கும் ஒரே டயராக இருந்தால், பின் டயர்கள் தம் பங்கைத் தர அதிகமாக விலக வேண்டும். விளைவு? காரின் வால் வெளியே வீசும். கார் ஓட்டுநர் எண்ணியதைவிடக் கூர்மையாகத் திரும்பும். கூர்மையான வளைவுக்கு இன்னும் அதிக விசை வேண்டும். வால் இன்னும் வீசும். அஞ்சிய ஓட்டுநர் வேகமுடுக்கியிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து, பின் டயர்களின் பிடி மேலும் குறையும். பழைய 911-ஐ ஓட்டியவர்களில் பலர் இப்பாடத்தைச் சாலையோர வயலில்தான் கற்றார்கள்.

அளவுகோலை அதன் தட்டைப் பக்கமாக எளிதில் வளைக்கலாம். விளிம்புப் பக்கமாக வளைக்க முடிகிறதா? வளைக்கும் திசையில் அகலம் கூடக்கூட விறைப்பு மிகுகிறது. ரேடியல் டயரின் தடத்துக்கு அடியில் ஓடும் பட்டையும் இத்தகையதே. அது அகலமாக இருந்து, அகலமான வளையத்தில் பூட்டவும் பட்டால் பக்கவாட்டில் குறைவாகவே வளையும். குறைந்த விலகற்கோணத்திலேயே தேவையான விசையைத் தரும். கரேரா ஆர்.எஸ். காரில் முன் வளையத்தின் அகலம் 6 அங்குலம், பின் வளையம் 7 அங்குலம். என் மாணவருக்கு விடை இதுதான்: அகலம் தேடியது பரப்பை அன்று, விறைப்பை.

இதிலிருந்தே பழைய கார் வைத்திருப்போர் செய்யும் தவறும் விளங்கும். அழகுக்காக நான்கு சக்கரங்களுக்கும் அகல டயர் போடுகிறார்கள். முன்னால் பிடி கூடினால் சமநிலை மீண்டும் கெட்டு, வால் வீசத் தொடங்கும். 215/60 கிடைக்காமல் பின்னால் 215/70 போட்டால் விட்டம் 682 மி.மீ. ஆகிவிடும். பின் சக்கரத்தின் சுழற்சியைக் கொண்டு அளக்கும் வேகமானி 100 காட்டும்போது கார் கிட்டத்தட்ட 107 கி.மீ. வேகத்தில் ஓடும். குறுக்கு இழை டயர்களையும் ரேடியல் டயர்களையும் கலப்பது இன்னும் மோசம். ரேடியலுக்கு விலகற்கோணம் குறைவாகையால், அதை முன்னால் மட்டும் போட்டுப் பின்னால் குறுக்கு இழை டயரைப் போடுவதைப் பிரிட்டனின் சாலை விதிகள் தடை செய்கின்றன.

அகலத்தை மாற்றாமல் காற்றைக் கொண்டும் விறைப்பை மாற்றலாம். 1959-இல் அமெரிக்காவில் வெளிவந்த கார்வேர் காரிலும் எஞ்சின் பின்னால்தான். முன் டயரில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு, பின் டயரில் 26 பவுண்டு காற்று அடைக்க வேண்டும் என்று அதன் தயாரிப்பாளர் குறித்திருந்தார். மற்றக் கார்களுக்கு அடிப்பதுபோல் நான்கிலும் ஒரே அளவு அடித்தால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. ரால்ப் நேடர் 1965-இல் எழுதிய புகழ்பெற்ற நூல் இந்தக் காரின் குறைகளிலிருந்தே தொடங்குகிறது. ஒரு காரின் பாதுகாப்பைக் காற்றடிப்பவரின் நினைவாற்றலிடம் ஒப்படைப்பது நல்ல பொறியியல் அன்று என்பது என் கருத்து.

காற்றை எப்போது அளப்பது? டயர் குளிர்ந்திருக்கும்போது. 27° செல்சியசில் அழுத்தமானி 2.0 பார் காட்டுகிறது என்க. நெடுந்தூரம் ஓடி 57° ஆனால் எவ்வளவு காட்டும்? 2.0 × 330 ÷ 300 = 2.2 என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது! மானி காட்டுவது வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டுமே. உண்மை அழுத்தம் 3.0 பார், அது 3.3 ஆகும், எனவே மானி 2.3 காட்டும். சூடான டயரில் "அதிகமாக இருக்கிறது" என்று காற்றைத் திறந்துவிட்டால் மறுநாள் காலை அது குறைந்தே நிற்கும்.

பழைய விளையாட்டுக் கார்களுக்கு இன்னொரு நோயும் உண்டு. அவை ஓடுவதைவிட நிற்பதே அதிகம். டயரின் வரிப்பள்ளங்கள் தேயாமல் புதிதுபோல் தோன்றும், ரப்பரோ கிழமாகியிருக்கும். ஆக்சிஜன் அதைக் கெட்டியாக்குகிறது. ஓசோன் ரப்பர் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கி வெடிப்பு உண்டாக்குகிறது. இதைத் தடுக்க ரப்பரில் மெழுகு கலக்கிறார்கள். டயர் உருண்டு வளையும்போது அந்த மெழுகு மேற்பரப்புக்குக் கசிந்து வருகிறது. நிற்கும் காருக்கு அந்தக் காப்பு குறைவு.

டயரின் வயதை அதன் சுவரிலேயே படிக்கலாம். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. மூன்றே இலக்கங்கள் இருந்தால் அது 2000-க்கு முற்பட்டது. அதை ஓட்டவே கூடாது. 2013 நவம்பர் 30-இல் கலிபோர்னியாவில் போர்ஷே கரேரா ஜி.டி. கார் மோதி, நடிகர் பால் வாக்கரும் காரை ஓட்டிய அவரது நண்பரும் இறந்தனர். மிகை வேகமே காரணம் என்றனர் விசாரணை அதிகாரிகள். அக்காரின் டயர்களுக்கு ஒன்பது வயது என்பதையும், அதனால் கார் கையாளப்படும் தன்மை குன்றியிருக்கலாம் என்பதையும் அவர்கள் குறித்துவைத்தனர்.

உங்களிடம் கார் இல்லாவிட்டாலும் சோதனை செய்யச் சைக்கிள் போதும். சைக்கிள் கடையில் அழுத்தமானி வைத்து இரு டயர்களிலும் ஒரே அளவு காற்று அடித்துக்கொள்ளுங்கள். டயர்களில் மை தடவி, ஒவ்வொன்றின் கீழும் வரைபடத்தாள் வையுங்கள். சைக்கிளை நேராகத் தாளின் மீது இறக்கி, இருவர் பிடித்துக்கொள்ள, நண்பரை இருக்கையில் அமரச் செய்யுங்கள். இறங்கியபின் சைக்கிளைத் தூக்கிவிட்டு இரு தடங்களிலும் உள்ள சதுரங்களை எண்ணுங்கள். பரப்புகளின் விகிதமே முன்னும் பின்னும் விழும் எடைகளின் ஏறத்தாழ விகிதம். பிறகு நண்பரைக் கைப்பிடி மீது நன்றாகக் குனியச் சொல்லி மீண்டும் எண்ணிப் பாருங்கள். எந்தத் தடம் வளர்ந்திருக்கிறது?