அல்ஜீரியாவின் கையடக்கத் தொலைபேசி வலையமைப்பும் கோபுரங்களும்

மாணவர்களே, "சேவை வசதிகளின் பரம்பல் எல்லா இடங்களிலும் ஒரே சீராக அமைவதில்லை" என்ற கூற்றை உதாரணங்களுடன் விளக்குமாறு வினாக்கள் அமைவதுண்டு. இதற்கு மிகவும் பொருத்தமான உதாரணம் வட ஆபிரிக்காவிலுள்ள அல்ஜீரியாவாகும்.

1. நாட்டின் பின்னணி

அல்ஜீரியாவின் பரப்பளவு ஏறத்தாழ 23 இலட்சத்து 82 ஆயிரம் சதுர கிலோமீற்றர். 2011 இல் சூடான் இரண்டாகப் பிரிந்த பின்னர் ஆபிரிக்காவின் மிகப்பெரிய நாடு இதுவே. நிலப்பரப்பில் 80 வீதத்திற்கும் கூடிய பகுதி சகாராப் பாலைவனம். மக்களில் பெரும்பாலானோர் மத்தியதரைக் கடலை அண்டிய ஒடுங்கிய வடபகுதியிலேயே வாழ்கின்றனர். அல்ஜியர்ஸ், ஓரான் ஆகிய பெருநகரங்களும் இங்கேயே உள்ளன.

2. சந்தையின் வளர்ச்சி

- 2000: புதிய சட்டத்தின் மூலம் அரசின் தனியுரிமை நீக்கப்பட்டது. ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை ஒன்றும் அமைக்கப்பட்டது.
- 2001: எகிப்தின் ஒராஸ்கொம் நிறுவனம் 737 மில்லியன் டொலருக்கு அனுமதிப்பத்திரம் பெற்றது. அதன் ஜெஸி சேவை 2002 இல் ஆரம்பமாகியது.
- 2003: அரசுக்குரிய மோபிலிஸ் தனி நிறுவனமாக்கப்பட்டது.
- 2004: குவைத்தின் வத்தானியா நிறுவனம் நெஜ்மா சேவையைத் தொடங்கியது. இது 2013 இல் ஊரிடூ எனப் பெயர் மாறியது.
- 2013: மூன்றாந் தலைமுறைச் சேவை அறிமுகமாகி, விலாயா எனப்படும் மாகாணங்களுக்குக் கட்டங்கட்டமாக விரிவாக்கப்பட்டது.
- 2015: ஜெஸியின் 51 வீதப் பங்குகளை அரச முதலீட்டு நிதியம் வாங்கியது.
- 2016: நான்காந் தலைமுறைச் சேவை ஆரம்பம்.

3. கோபுரம் இயங்கும் முறை

ஒவ்வொரு கோபுரமும் தன்னைச் சூழ்ந்த ஒரு பகுதிக்குச் சேவை வழங்கும். இப்பகுதி "கலம்" எனப்படும். இரண்டாந் தலைமுறை முறையில் ஒரு கலத்தின் ஆரை வழமையாக 35 கிலோமீற்றருக்கு மேற்படாது. நகரத்தில் பலர் ஒரே நேரத்தில் பேசுவதால் ஒரு கோபுரத்தின் கொள்ளளவு போதாது. எனவே சில நூறு மீற்றருக்கு ஒன்றாகக்கூட அவை அமைக்கப்படுகின்றன. அதாவது, நகரில் கோபுர எண்ணிக்கையை முக்கியமாகத் தீர்மானிப்பது சனச்செறிவு. பாலைவனத்தில் அதனைத் தீர்மானிப்பது தூரம்.

கோபுரம் மட்டும் இருந்தாற் போதாது. அதனைப் பிரதான வலையமைப்புடன் இணைக்க ஒளியிழை வடம், நுண்ணலை இணைப்பு அல்லது செய்மதி தேவை. மின்வழங்கல் இல்லாத இடத்தில் சூரியக்கலம், மின்கலம், டீசல் மின்பிறப்பாக்கி ஆகியவற்றில் தங்கியிருக்க வேண்டும். வெப்பமும் மணற்புயலும் பராமரிப்புச் செலவைக் கூட்டுகின்றன.

4. ஒரு கணக்கு

அல்ஜியர்ஸிலிருந்து தெற்கே தமன்ராசெட் வரை வீதித் தூரம் ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர். ஒரு கோபுரம் இரு பக்கமும் 35 கிலோமீற்றராக 70 கிலோமீற்றரை உள்ளடக்கினால்,

2,000 ÷ 70 = 28.6, அதாவது குறைந்தது 29 கோபுரங்கள்.

இது உச்சத் தூரத்தைக் கொண்டு செய்த கணக்கு. மலைகள் மறைப்பதாலும் கைபேசியின் வலு குறைவென்பதாலும் நடைமுறையில் இன்னும் பல தேவை. ஆனால் பாலைவனப் பகுதியில் அவற்றைப் பயன்படுத்துவோரோ மிகச் சிலர். இலாபம் ஒன்றையே நோக்கினால் எந்த நிறுவனமும் அங்கு கோபுரம் அமைக்காது. எனினும் நடுவழியில் வாகனம் பழுதடைந்த சாரதிக்கும், வைத்தியரை அழைக்க வேண்டிய சிறு குடியிருப்புக்கும் அந்த ஒரு கோபுரமே உயிர்நாடி. ஆகவேதான் அனுமதிப்பத்திர நிபந்தனைகள், அரச நிதி என்பவற்றின் மூலம் அரசு தலையிட வேண்டியுள்ளது.

5. மாதிரி வினா

(அ) அல்ஜீரியாவில் கோபுரங்களின் பரம்பலைப் பாதிக்கும் பௌதிகக் காரணிகள் இரண்டினைக் குறிப்பிடுக. (04 புள்ளிகள்)
(ஆ) போட்டிச் சந்தை மட்டும் சகாராப் பகுதிக்குச் சேவை வழங்கப் போதாது என்பதை விளக்குக. (06 புள்ளிகள்)

விடைக் குறிப்பு:
(அ) பாலைவனக் காலநிலை, மலைசார் தரைத்தோற்றம்.
(ஆ) நீண்ட தூரம், மின்சாரமும் இணைப்பும் இன்மை, பராமரிப்புச் செலவு, குறைந்த பாவனையாளர், அதனால் இலாபமின்மை, அரச தலையீட்டின் அவசியம்.

கவனிக்க: (அ) பகுதிக்குக் காரணிகளின் பெயர் போதும். (ஆ) பகுதி "விளக்குக" எனக் கேட்கிறது. அங்கு காரணங்களை வரிசையாக எழுதி நிறுத்தாது, ஒவ்வொன்றும் செலவை அல்லது வருமானத்தை எவ்வாறு பாதிக்கிறது எனத் தொடர்புபடுத்தி எழுதுங்கள்.