பவளத் தொட்டியும் சுண்ணாம்புத் தெளிநீரும்

முன்னுரை

உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது நம் வீடுகளில் எல்லோரும் அறிந்த செய்தி. குற்றாலத்து அருவி நீரில் எளிதில் வெந்துவிடும் துவரம் பருப்பு, தென்காசிச் சமவெளியில் உள்ள பல கிணறுகளின் நீரில் நெடுநேரம் கொதித்தும் கல்லாகவே கிடக்கும். அருவி நீர் கடினமான மலைப்பாறையின் மேல் விரைந்து ஓடி வருவதால் அதில் கரையும் உப்புகள் மிகக் குறைவு. கிணற்று நீரோ மண்ணிலும் சுக்கான் கல்லிலும் ஊறிக் கிடந்து, கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது.

குற்றாலத்துச் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவை அடைகிறது. ஆறுகள் இவ்வாறு வழியெல்லாம் கரைத்துச் செல்லும் சுண்ணாம்புச் சத்தைக் கொண்டுதான் கடலில் சிப்பியும் சங்கும் பவளமும் தம் கூட்டைக் கட்டுகின்றன. அந்தக் கட்டுமானத்தின் வேதியியலை ஒரு கண்ணாடித் தொட்டியின் அளவில் வைத்து விளக்குவதே என் நோக்கம். வேதியியல் மாணவனாகிய எனக்கு, நாம் ஆய்வகத்தில் செய்யும் தரம்பார்த்தல் ஓர் உயிரின் வாழ்வோடு இத்தனை நெருக்கமாகத் தொடர்புடையது என்பது பெருவியப்பைத் தந்தது.

இரண்டு அளவுகள்

இயல்பான கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 410 முதல் 420 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. இது முதல் அளவு. இரண்டாவது அளவு காரத்தன்மை. அமிலத்தைச் சேர்க்கும்போது அதை எதிர்த்து நடுநிலையாக்கும் திறனே காரத்தன்மை எனப்படும். கடல்நீரில் இத்திறனைப் பெரும்பாலும் தருவது பைகார்பனேட் அயனி; ஓரளவு தருவது கார்பனேட் அயனி. லிட்டருக்கு ஏறத்தாழ 2.3 மில்லி சமானம், அதாவது கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால் 115 மில்லிகிராம், கடல்நீரின் காரத்தன்மையாகும். காரத்தன்மையையும் பி.எச். மதிப்பையும் ஒன்றெனக் கருதக் கூடாது. பி.எச். என்பது நீரின் இப்போதைய நிலை; காரத்தன்மை என்பது அதன் கையிருப்பு.

பவள உயிரி ஒரு கால்சியம் அயனியையும் இரண்டு பைகார்பனேட் அயனிகளையும் எடுத்துக் கால்சியம் கார்பனேட்டாகப் படிய வைக்கிறது. கரியமில வாயுவும் நீரும் எஞ்சுகின்றன. எனவே இரண்டும் ஒரு குறிப்பிட்ட விகிதத்திலேயே செலவாகும்: 20 மில்லிகிராம் கால்சியத்துக்கு ஒரு மில்லி சமானம் காரத்தன்மை.

இந்த விகிதத்தில்தான் பொருளின் சாரம் இருக்கிறது. ஒரு தொட்டியில் கால்சியம் 420, காரத்தன்மை 125 எனக் கொள்வோம். பவளங்கள் வளர்ந்து, கால்சியம் 410 ஆகக் குறைகிறது. இது நூற்றுக்கு மூன்று பங்கு கூட இல்லை. ஆனால் அதே வேளையில் காரத்தன்மை 125இலிருந்து 100 ஆகிவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது! கால்சியத்தின் கையிருப்பு காரத்தன்மையைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு. ஆகவே முதலில் தட்டுப்பாடு வருவது காரத்தன்மைக்கே. பவளம் வளரவில்லை என்றவுடன் கால்சியத்தை மட்டும் மேலும் மேலும் கொட்டுவோர் உண்டு. அரிசி நிறைய இருக்க, விறகு தீர்ந்துபோன அடுக்களையில் மேலும் அரிசி வாங்கிப் போடுவது போன்றதே அது.

அளக்கும் முறை

காரத்தன்மையை அளக்க நம் ஆய்வகக் கருவிகளே போதும். 50 மி.லி. தொட்டி நீரைப் பிப்பெட்டால் எடுத்து, மெத்தில் ஆரஞ்சு சேர்த்து, 0.02 நார்மல் கந்தக அமிலத்தால் தரம்பார்க்க வேண்டும். செலவான மில்லிலிட்டரை 20ஆல் பெருக்கினால் லிட்டருக்குரிய மில்லிகிராம் கிடைக்கும். இயல்பான கடல்நீருக்கு 5.8 மி.லி. அளவில் நிறம் மாறும். கால்சியத்தை இ.டி.டி.ஏ. கரைசலால் தரம்பார்க்கலாம். கடல்நீரில் கால்சியத்தைப் போல மும்மடங்கு மக்னீசியம் இருப்பதால், முதலில் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து அதை வீழ்படிவாக்கிவிட்டு, மியூரெக்சைடை நிறங்காட்டியாகக் கொள்ள வேண்டும்.

ஈடுசெய்யும் முறை

மேற்சொன்ன தொட்டி 100 லிட்டர் கொள்வது எனில், இழந்ததைத் திருப்பித் தர 4.2 கிராம் சோடியம் பைகார்பனேட்டும், 3.7 கிராம் நீரேறிய கால்சியம் குளோரைடும் வேண்டும். முன்னது நம் வீட்டு ஆப்பச்சோடாதான். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கலந்தால் வெண்மையாகச் சுண்ணாம்பு படிந்து வீணாகும். தனித்தனியே கரைத்து, இடைவெளி விட்டுச் சேர்க்க வேண்டும்.

இதைவிட எளிய முறை ஒன்று உண்டு. அதுவே சுண்ணாம்புத் தெளிநீர். ஒரு லிட்டர் நன்னீரில் 2 கிராம் தூய நீற்றுச் சுண்ணாம்பைக் கலக்கி, மூடி வைத்துத் தெளிய விட வேண்டும். அந்தத் தெளிவில் கால்சியமும் காரத்தன்மையும் பவளம் கேட்கும் அதே விகிதத்தில் இருக்கின்றன. நம் தொட்டிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் லிட்டர் போதும். ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாகவே இதைச் சொட்டுச் சொட்டாக விடலாம். விரைந்து ஊற்றலாகாது, தெளிநீரின் பி.எச். 12க்கு மேல். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு மேலே ஏடு படியும். வைக்கோற்குழாயால் ஊதிச் சுண்ணாம்பு நீரைப் பால்போல் ஆக்கிய பள்ளிச் சோதனையை நண்பர்கள் நினைவுகூர்வார்களாக.

கரைக்கும் நீரும் கருதத்தக்கது. கிணற்று நீரைப் பயன்படுத்தினால், கணக்கில் வராத கால்சியமும் காரத்தன்மையும் ஒவ்வொரு நாளும் தொட்டியில் சேரும். உப்பு நீக்கிய நீரே உகந்தது.

காளவாயும் கடலும்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டுகள் உள்ளன. அங்கிருந்து பல்லாண்டுகள் பவளக் கற்களை வெட்டியெடுத்து, கட்டடத்துக்கும், சுண்ணாம்புக் காளவாய்க்கும், கால்சியம் கார்பைடு தொழிலுக்கும் பயன்படுத்தினார்கள். அரணாக நின்ற திட்டு போனதால் அலை அரித்து, பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கின. 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆகவே நம் கடற்பவளத்தை எடுத்து வந்து வீட்டுத் தொட்டியில் வைப்பது குற்றமாகும். இக்கட்டுரையைப் படித்து யாரும் அதற்குத் துணியலாகாது.

வெட்டுவது நின்ற பிறகும் இன்னொரு ஆபத்து தொடர்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. அதில் ஒரு பகுதி கடலில் கரைந்து, கார்பனேட் அயனியைப் பைகார்பனேட்டாக மாற்றுகிறது. கடல்நீரின் பி.எச். 0.1 அளவு குறைந்துள்ளது. கால்சியம் முன்போலவே நிறைந்திருக்கிறது. மொத்தக் காரத்தன்மையும் பெரிதும் மாறவில்லை. எனினும் கார்பனேட் குறையக் குறைய, கூடு கட்டுவது பவளத்துக்குக் கடினமாகிறது. 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வெப்பத்தால் வெளிறி நலிந்த பவளங்களுக்கு இது மற்றொரு சுமை.

முடிவுரை

பவளத்தின் வாழ்வு கால்சியத்தின் மிகுதியால் மட்டும் அமைவதில்லை. நீரின் சமநிலையால் அமைகிறது. தொட்டியில் அச்சமநிலை தவறினால் ஒரு பியூரெட்டும் ஒரு லிட்டர் தெளிநீரும் கொண்டு இரண்டொரு நாளில் சீர்செய்துவிடலாம். மன்னார் வளைகுடாவுக்குச் சொட்டுச் சொட்டாக விடத் தெளிநீர் நம்மிடம் இல்லை. அங்கே நம்மால் இயன்ற ஈடு, கரியைக் குறைவாக எரிப்பதும் திட்டுகளைத் தொடாது விடுவதுமே ஆகும்.