மச்சு பிச்சுவுக்கு எந்த வழி?

விடுமுறைக்குப் பெரு நாட்டுக்குக் கிளம்பும் மாணவர்களிடம் மச்சு பிச்சுவுக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டால், “இன்கா டிரெயில்தான், வேறென்ன?” என்கிறார்கள். கூடப் படிப்பவன் போட்ட படம் ஒரு காரணம். “இவ்வளவு செலவழித்துப் போய் ரயிலிலா உட்கார்ந்து வருவாய்?” என்ற அப்பா இன்னொரு காரணம். முழங்கால் தாங்குமா என்று யாரும் கேட்பதில்லை.

ரயிலைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒயந்தாய்தம்போ என்ற ஊரில் ஏறி மச்சு பிச்சுவின் அடிவார ஊரில் இறங்கினால், மேலே போக பஸ் நிற்கும். சால்கந்தாய் என்ற இன்னொரு நடைவழி 4,600 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டுவது. மலையேறிப் பழகியவர்களுக்கு அது போதும், அழகும் அதில்தான் கூடுதல்.

இன்கா டிரெயிலுக்கு வருவோம். நாலு நாள், நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நடை. ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் அந்தக் கணக்கில் அடக்கம். அதனால் பல மாதங்களுக்கு முன்பே, உரிமம் பெற்ற முகவர் மூலம் பணம் கட்டியாக வேண்டும். பிப்ரவரியில் பாதையை மூடிவிடுவார்கள். இரண்டாம் நாள் ஏற வேண்டிய ‘இறந்த பெண்’ கணவாய் 4,215 மீட்டர். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் அறுபது சதவீதம்தான். படிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலைப் பதம் பார்க்கும். தலைவலியோடு முன்னால் போகிறவரின் குதிகாலையே பார்த்து நடப்பவருக்கு வழியிலுள்ள இடிபாடுகள் எங்கே கண்ணில் படும்? கடைசி விடியலில் மச்சு பிச்சு தெரியும் இன்டி புன்கு வாசலுக்கு வந்து சேர்ந்தால், பல நாள் வெறும் மூடுபனி!

என்னைக் கேட்டால் ஒயந்தாய்தம்போவில் தங்கி, அங்கிருந்தே ரயிலில் போகச் சொல்வேன். எல்லாரும் ரயில் பிடிக்க ஓடிவந்து ஓடிப்போகும் ஊர். குஸ்கோ நகரம் 3,400 மீட்டர் உயரம், இது 2,800தான். உடம்பு பழக இதுவே தோது. 1530களில் இன்கா மன்னர் மான்கோ இன்கா ஸ்பானியப் படையைத் திருப்பி அடித்தது இங்கேதான். கோயில் மேட்டில் ஆறு பெரிய இளஞ்சிவப்புக் கற்கள் நிற்கின்றன. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய கல் பட்டை செருகியிருக்கிறது. அந்தக் கற்களை உருபம்பா ஆற்றுக்கு அக்கரையிலுள்ள மலையில் வெட்டி, ஆற்றைக் கடத்தி இழுத்து வந்திருக்கிறார்கள். வந்து சேராமல் பாதியிலேயே கிடக்கும் கற்களுக்கு ‘களைத்த கற்கள்’ என்று பெயர். தெருவோரம் இன்கா காலத்து வாய்க்காலில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. இதையெல்லாம் பார்க்க நுரையீரல் வீரம் வேண்டாம், அவசரப்படாமல் இருந்தால் போதும்.

தம்பிகளே, தங்கைகளே, படிப்பானாலும் பயணமானாலும் அடுத்தவன் அளவுக்குத் தைத்த சட்டை நமக்குப் பொருந்தாது. உங்கள் உடம்புக்கு எது ஒத்துவரும், மனம் எதில் நிற்கும் என்று முதலில் பாருங்கள். உயரம் பழக இரண்டு மூன்று நாள் ஒதுக்கப் பொறுமை இல்லாதவர்கள் மலைப்பக்கம் போகவே வேண்டாம்.

இவ்வளவு சொல்லியும் அப்பா விடமாட்டார் என்றால், கிலோமீட்டர் 104இல் ரயிலை விட்டு இறங்கும் குறுக்கு நடை ஒன்று இருக்கிறது. வின்யாய் வைனா இடிபாடுகள், இன்டி புன்கு இரண்டும் அதிலும் வரும், படத்துக்கும் பஞ்சமில்லை. அதற்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுங்கள், வாசலில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.