சிறுவரின் எபிடிடிமிஸ் நீர்க்கட்டி: கண்டறியும் முறையும் கையாளும் முறையும்

விதையின் பின்புறத்தை ஒட்டிச் சுருண்டு கிடக்கும் நுண்குழாய்க்கு எபிடிடிமிஸ் என்று பெயர். பருவமடைந்தபின் விந்தணுக்கள் முதிர்ந்து வெளியேறும் வழி அதுவே. அதில் தெளிந்த நீர் சேர்ந்து மெல்லிய சுவருடன் உருவாகும் சிறு பையே எபிடிடிமிஸ் நீர்க்கட்டி. இது புற்றுநோய் அன்று. சிறுவர்களிடம் பெரும்பாலும் வலியின்றி இருந்து, நாளடைவில் தானே சுருங்கிவிடுகிறது. ஆகவே இடர் கட்டியில் இல்லை. வேறொன்றை இதுவென்று எண்ணிக் காலம் கடத்துவதிலேயே உள்ளது.

முதலில் கேட்க வேண்டியது வலியைப் பற்றி. திடீரென வலி தோன்றி, வாந்தியும் சேர்ந்து, விதை மேலேறி நின்றால், அது விதை முறுக்கம், அதாவது விதைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாண் திருகிக்கொண்ட நிலை என்றே கொள்ள வேண்டும். சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்து அதை விடுவிக்காவிட்டால் விதையை இழக்க நேரிடலாம். சிறுவர்கள் கூச்சத்தால் அடிவயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்வதுண்டு என்பதால், வயிற்றுவலியோடு வரும் எந்தச் சிறுவனுக்கும் ஆடையை விலக்கி விதைப்பையைப் பார்த்தே ஆக வேண்டும். ஓசூரை ஒட்டியுள்ள மத்திகிரியில் இரவு நேரத்தில் இப்படி நேர்ந்தால், சிறப்பு மருத்துவரைத் தேடி அத்திப்பள்ளி நெரிசலைக் கடந்து 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு விரைவதைவிட, 108-ஐ அழைத்து, உடனே அறுவை செய்யும் வசதியுள்ள மருத்துவமனையை ஓசூரிலேயே நாடுவது நல்லது. முறுக்கத்தை விடுவிக்கப் பொது அறுவை மருத்துவரே போதும். ஸ்கேனுக்காகக் காத்திருந்து அறுவையைத் தள்ளிப்போடவும் கூடாது.

வலி இல்லையெனில் பெரும்பாலும் அந்த அளவு அவசரமும் இல்லை. விரலால் தொட்டுப் பார்க்கையில் விதை தனியாகவும், கட்டி அதன் மேலோ பின்னோ தனியாகவும் தட்டுப்பட்டால் நீர்க்கட்டியாக இருக்கலாம். நீர் விதையைச் சூழ்ந்திருந்தால் விரைவீக்கம். அழும்போதும் இருமும்போதும் பெருத்து, படுக்கும்போது சிறுத்தால் குடலிறக்கம். விதைப்பையின் மீது டார்ச் ஒளியைப் பாய்ச்சிப் பார்ப்பதை மட்டும் நம்புவது பெரும்பிழை. நீர்க்கட்டியும் விரைவீக்கமும் ஒளியை ஒருபோலவே ஊடுருவவிடும். கைக்குழந்தைகளில் இறங்கிய குடலும் அவ்வாறே ஒளிரும். ஒளி ஊடுருவாத கெட்டியான கட்டி எதுவாயினும் குழந்தை அறுவை மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்டப்பட வேண்டும்.

அடுத்தது விதைப்பை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இதில் கதிர்வீச்சு இல்லை. இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரும் சேர்த்தே எழுதப்பட வேண்டும். அது இல்லாத ஸ்கேன் பாதிச் சோதனையே. உள்ளே கறுப்பாகத் தெளிந்து, சுவர் மெலிந்து, இரத்த ஓட்டமின்றி இருந்தால் நீர்க்கட்டி உறுதியாகிறது. அறிக்கையில் அளவு மில்லிமீட்டரில் இருக்க வேண்டும்; 'சிறிய கட்டி' என்ற சொல்லை வைத்து அடுத்த முறை ஒப்பிட முடியாது.

பிறகு காத்திருப்பு. ஆறு மாதத்தில் ஒருமுறை, பின்னர் ஆண்டுக்கொருமுறை, இயன்றவரை அதே மையத்தில் ஸ்கேன் எடுத்தால் போதும். கட்டியைக் கரைக்கும் மாத்திரை எதுவும் இல்லை. தொற்று இல்லாதபோது ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம். ஊசியால் நீரை உறிஞ்சினால் மீண்டும் நிரம்பிவிடும் என்பதோடு தொற்றும் ஏற்படலாம் என்பதால் சிறுவருக்கு அம்முறை ஏற்றதன்று. வலி நீடித்தாலோ, கட்டி சுருங்காமல் வளர்ந்துகொண்டே போனாலோ, கட்டியே முறுக்கிக்கொண்டாலோ மட்டுமே அறுவையைப் பற்றிப் பேச வேண்டும். தலைமுடி போல் மெல்லிய எபிடிடிமிஸ் குழாய் அறுவையில் காயப்பட்டால் அந்தப் பக்கத்து விந்தணுப் பாதை பிற்காலத்தில் அடைபடக்கூடும் என்பதால், அறுவைக்கு ஒப்புதல் தருமுன் இவ்விடர் பெற்றோருக்கு அவர்கள் பேசும் தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ விளக்கப்பட வேண்டும்.