பெரியவர்களுக்குச் சிறிய கப்பல்: எதில் ஏறலாம்?

நவம்பர் பிறந்து ஐரோப்பாவில் குளிர் ஏறியதும் சிறிய சொகுசுக் கப்பல்கள் சிங்கப்பூர்ப் பக்கம் வரத் தொடங்கும். மார்ச் வரை அவற்றின் நடமாட்டம் இருக்கும். தேக்காவில் எம்ஆர்டி ஏறினால் அரை மணி நேரத்தில் கப்பல் முனையத்தில் இறங்கிவிடலாம். விமானம் வேண்டாம், பெட்டி எடைக்குப் பயம் வேண்டாம், நேர மாற்றத்தால் தூக்கம் கெடாது. ஓய்வுபெற்று நிதானமாக ஊர் பார்க்க நினைக்கும் நம்மவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் குறைவு. ஆனாலும் சில்வர்சீ, சீபோர்ன், ரீஜென்ட், ஓஷியானியா, அஸமாரா, வைக்கிங் என்று பெயர்களை அடுக்கி வைத்தால் எதை எடுப்பதென்று பலருக்குத் தெரிவதில்லை. எல்லா விளம்பரப் புத்தகத்திலும் அதே நீலக் கடல், அதே வெள்ளை மேசைவிரிப்பு.

நான் இரண்டு கேள்விகளை வைத்துத்தான் பிரிப்பேன். கட்டணத்தில் அடங்கியவற்றில் நமக்கு உண்மையில் வேண்டியது எவ்வளவு? கப்பல் எந்தத் துறையில், எத்தனை மணி நேரம் நிற்கிறது?

முதல் கேள்விக்கு வருவோம். சில்வர்சீயிலும் சீபோர்னிலும் மது, பணியாளர்களுக்கான அன்பளிப்பு எல்லாம் கட்டணத்திலேயே சேர்ந்துவிடும். சில்வர்சீயில் எல்லா அறைகளுக்கும் பட்லர் சேவையும் உண்டு. சீபோர்ன் என்கோர் 2017 ஜனவரியில் சிங்கப்பூரில்தான் பெயர் சூட்டப்பட்டது. சுமார் 600 பேர் பயணம் செய்யலாம். அருமையான கப்பல்கள், மறுக்கவில்லை. ஆனால் மதுவைத் தொடாத தம்பதி ஷாம்பெய்னுக்கும் சேர்த்தல்லவா பணம் கட்டுகிறார்கள்? ரீஜென்ட் இன்னும் ஒரு படி மேலே போய்க் கரைச் சுற்றுலாக்களையும் கட்டணத்தில் சேர்த்துவிடுகிறது. ஒவ்வொரு துறையிலும் காலையிலேயே பேருந்தில் ஏறிவிடுகிறவர்களுக்கு அது லாபம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெல்ல இறங்கிக் கடைத்தெருவில் நடந்துவிட்டு வருவதே போதும் என்பவர்களுக்கு அது வீண் செலவு. நிதானம் விரும்பும் பயணிக்கு ரீஜென்ட்டை நான் முதலில் சொல்ல மாட்டேன்.

ஓஷியானியாவையும் அஸமாராவையும் ஒப்பிடும்போது பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ரெனைசான்ஸ் என்ற நிறுவனம் 1998 முதல் 2001 வரை ஒரே அச்சில் எட்டுக் கப்பல்களைக் கட்டியது, பிறகு நொடித்துப்போனது. சுமார் 30,000 மொத்த டன் கொள்ளளவு, 181 மீட்டர் நீளம், எழுநூறு பேருக்குச் சற்றுக் குறைவான இடம். அந்த எட்டில் நான்கு இன்று ஓஷியானியாவிடம். ரெகாட்டா, இன்சிக்னியா, நாட்டிகா, சிரீனா. மற்ற நான்கும் அஸமாராவிடம். ஆகவே இந்தக் கப்பல்களில் அறையின் அமைப்பை வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. சாதாரண அறையின் குளியலறை இரண்டிலுமே சிறியதுதான். உடம்பு பருத்தவர்கள் யோசிக்க வேண்டும். வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. ஓஷியானியா சமையலில் பெயர் எடுத்தது; தாவர உணவுக்கென்றே தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அஸமாரா துறைகளில் அதிக நேரம் நிற்பதையே தன் கொள்கையாக வைத்திருக்கிறது. இரவு வெகுநேரம் வரை நிற்கும். சில ஊர்களில் இரவு முழுவதும் தங்கும். சைவச் சாப்பாடு முதல் கவலை என்றால் ஓஷியானியா. ஊர்தான் முக்கியம் என்றால் அஸமாரா.

வைக்கிங் கொஞ்சம் பெரியது, பெரும்பாலான கப்பல்களில் 930 பேர் போகலாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களை ஏற்றுவதில்லை, சூதாட்டக்கூடம் இல்லை, கோட்டு டை கட்டாயமும் இல்லை. ஒவ்வொரு துறையிலும் ஒரு சுற்றுலா கட்டணத்தில் சேர்ந்தது. துணி துவைக்கும் இயந்திரமும் இலவசம். இரண்டு வாரப் பயணத்தில் இதன் அருமை தெரியும். பேரப்பிள்ளைகளை அழைத்துப்போக நினைப்பவர்கள் இதை மறந்துவிட வேண்டியதுதான்.

இரண்டாவது கேள்விக்கு ஹோ சி மின் நகரம் நல்ல உதாரணம். பெரிய கப்பல்கள் ஃபூ மீ துறையில் நின்றுவிடும்; அங்கிருந்து நகருக்குப் பேருந்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். திரும்பவும் அதே தூரம். சிறிய கப்பல்களோ சைகோன் ஆற்றில் உள்ளே வந்து நகரத்திலேயே கட்டலாம். பாங்காக் போகும் பெரிய கப்பல்களும் லெம் சபாங்கில்தான் நிற்கும். அங்கேயும் நீண்ட பேருந்துப் பயணம். எனவே 'ஹோ சி மின்', 'பாங்காக்' என்று அட்டவணையில் இருப்பது மட்டும் போதாது. எந்தத் துறை என்று முகவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பினாங்கில் இந்தத் தொல்லை கிடையாது. ஸ்வெட்டன்ஹாம் படகுத்துறையை விட்டு வெளியே வந்ததும் விக்டோரியா மணிக்கூண்டு, பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கிருந்து மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரத்துக்குள் குவீன் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலுக்குப் போய்விடலாம். சுற்றிலும் பூக்கடை, பாத்திரக்கடை, வாழையிலைச் சாப்பாடு. கோயிலில் கும்பிட்டு, சாப்பிட்டு, ஒரு காப்பியும் குடித்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பப் பேருந்தே வேண்டாம். மலாக்காவில் நிலைமை வேறு. கப்பல் தள்ளி நங்கூரம் போடும். ஆடும் சிறு படகில் இறங்கித்தான் கரைக்குப் போக வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

கடலைப் பற்றிய பயம் நம் குடும்பங்களில் பழையது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் 1970களின் தொடக்கம் வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இங்கேயும் போய்வந்தது. அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த பெற்றோர், வங்கக் கடலின் ஆட்டத்தை வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்று பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும் கருவிகள் இருக்கின்றன. என்றாலும் பருவம் பார்த்துப் போவது நல்லது. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் குலுக்கும். அந்த மாதங்களில் வியட்நாம், ஹாங்காங் பக்கம் போவதைவிடப் பினாங்கு, லங்காவி, பூக்கெட் என்று மலாக்கா நீரிணையோடு போவது சுகம். அறையைக் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் எடுங்கள். மேல்தளத்து முன்பக்க அறைக்குக் காசும் அதிகம், ஆட்டமும் அதிகம்.

ஸ்டார் கிளிப்பர் என்ற நான்கு பாய்மரக் கப்பலின் படத்தைப் பார்த்து மயங்காதவர் இல்லை. 1992இல் கட்டியது, 166 பேர் மட்டும். ஆனால் அதில் மின்தூக்கி கிடையாது. படியேற முடிந்தவர்கள் தயங்காமல் போகலாம், மற்றவர்களுக்கு வேண்டாம்.

கப்பலே ஏறியிராதவர்கள் எடுத்த எடுப்பில் இரண்டு வாரச் சொகுசுப் பயணத்துக்குச் சேமநிதிப் பணத்தைக் கட்ட வேண்டாம் என்பேன். ஜென்டிங் டிரீம் போன்ற பெரிய கப்பலில் இரண்டு மூன்று இரவு போய்ப் பாருங்கள். கூட்டம் அதிகம், சத்தமும் உண்டு. ஆனால் இந்தியச் சைவ, ஜைனச் சாப்பாடு கிடைக்கும். கடல் ஒத்துக்கொள்கிறதா என்பதும் தெரிந்துவிடும். சொகுசுக் கப்பலில் தயிர் சாதம் தானாக வராது. பதிவு செய்யும்போதே சைவம் என்று எழுதுங்கள். முட்டை சேருமா, மீன் சாறு சேருமா என்பதையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஏறிய அன்று மாலையே சாப்பாட்டுக்கூட மேலாளரைப் பார்த்துவிட்டால் மறுநாளிலிருந்து பருப்புக் கறிக்கு வழி பிறக்கும்.

துணையை இழந்தவர்கள் தனியாகப் போகும்போது கட்டணம் கடுமையாக ஏறும். அறைக் கட்டணத்தை இருவருக்கென்றே கணக்கிடுகிறார்கள். அக்காளோ பழைய சக ஆசிரியரோ கூட வந்தால் செலவு பாதிவரை குறையலாம். ஒரே விலைக்கு இரு கட்டில் போட்டுத் தருவார்கள்.

மருத்துவச் செலவை மறக்காதீர்கள். மெடிஷீல்டு லைஃப் சிங்கப்பூரில் பெறும் சிகிச்சைக்கானது. கப்பல் மருத்துவர் ஊசி போட்டாலும் அது உங்கள் அறைக் கணக்கில் ஏறும். ரத்த அழுத்தம், சர்க்கரை இருப்பதை மறைக்காமல் சொல்லி, கப்பல் பயணத்துக்கும் பொருந்தும் காப்புறுதி எடுங்கள். இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகள் ரீ-என்ட்ரி பெர்மிட் காலாவதியாகவில்லை என்பதையும், நிற்கும் ஒவ்வொரு நாட்டின் விசா விதியையும் சரிபார்க்க வேண்டும். கரையில் இறங்க மாட்டேன் என்று சொன்னாலும் விசா இல்லாதவரைக் கப்பலில் ஏற்ற மறுக்கலாம்.

பயணச்சீட்டில் முனையத்தின் பெயரையும் பாருங்கள், இங்கே இரண்டு இருக்கின்றன. ஹார்பர்ஃபிரண்டில் உள்ள பழைய முனையத்துக்கு லிட்டில் இந்தியாவிலிருந்து ஊதா வழித்தடத்தில் நேரே போகலாம். 2012இல் திறந்த மரீனா பே முனையத்துக்கு டோபி காட்டில் சிவப்பு வழித்தடத்துக்கு மாறி, கடைசி நிலையமான மரீனா சவுத் பியரில் இறங்க வேண்டும். பெரிய பெட்டிகள் இருந்தால் டாக்சியே மேல்.