கூடு கட்டும் முன் வரவேண்டிய பணம்

2007-ஆம் ஆண்டு, அசாமின் காம்ரூப் மாவட்டத்துத் தாதரா கிராமத்தில் ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்து மரத்தை வெட்டினார். மரத்தோடு ஹர்கிலா என்னும் பெருநாரையின் குஞ்சுகளும் தரையில் விழுந்தன. முற்றமெங்கும் எச்சமும் அழுகிய இறைச்சித் துண்டும் சிதறிக் கிடந்தால் எந்த வீட்டுக்காரர்தான் பொறுப்பார்? நியாயம் கேட்கப் போன ஆராய்ச்சி மாணவி பூர்ணிமா தேவி பர்மனை ஊரார் கேலி செய்தார்கள். அவரோ முனைவர் பட்ட வேலையைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து பேசத் தொடங்கினார்.

உலகில் அரிதாகிவிட்ட அந்தப் பறவை கூடு கட்டிய மரங்கள் காட்டில் இல்லை. தனியார் தோட்டங்களில் நின்றன. எனவே வேலையும் வீட்டு வாசலிலிருந்தே தொடங்கியது. பெண்களுக்குச் சமையல் போட்டி நடந்தது. நம் வளைகாப்பைப் போன்ற அசாமியச் சடங்கு கூடுகட்டும் பறவைகளுக்காக நடந்தது. தவறி விழும் குஞ்சுகளைத் தாங்க மரத்தடியில் வலை கட்டினார்கள். பிற்பாடு தறியும் நூலும் வந்தன. ஹர்கிலா உருவம் நெய்த துணிகள் விற்பனைக்குப் போயின. ‘ஹர்கிலா படை’ என்று பெயர் பெற்ற அந்தப் பெண்கள் கூட்டம் பதினாயிரத்தைத் தாண்டியது. தாதராவிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் 28-ஆக இருந்த கூடுகள் 2022-க்குள் 250-ஐக் கடந்தன. 2017-இல் பூர்ணிமாவுக்கு பிரிட்டனின் விட்லி விருது 35,000 பவுண்டு தந்தது.

சமையல் போட்டிக்கும் வளைகாப்புக்கும் ஆகும் செலவை எந்த நிதி விண்ணப்பத்தில் எழுதுவது? சிறு அமைப்புகளின் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்திக் கொடுக்கும்போது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, இத்தகைய செலவுகளை எழுதக் கூச்சப்படுவதைத்தான். அதற்குப் பதிலாக கேமராவும் ஜி.பி.எஸ். கருவியும் பட்டியலில் ஏறிவிடுகின்றன. மரத்தின் சொந்தக்காரர் மனம் மாறினால்தான் பறவை பிழைக்கும் என்றால், அவர் வீட்டில் குடிக்கும் தேநீரும் பாதுகாப்புச் செலவுதான். காரணத்தோடு எழுதினால் படிப்பவர்களுக்குப் புரியும்.

சிறு தொகை தருபவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனின் ரூஃபோர்ட் அறக்கட்டளை, வளரும் நாடுகளின் இளம் பாதுகாவலர்களுக்குச் சில ஆயிரம் பவுண்டுகளை முதல் நல்கையாகத் தருகிறது. மாநாட்டுப் பயணத்துக்கும், பாதுகாப்புப் பயன் இல்லாத வெறும் ஆய்வுக்கும் அது பணம் தருவதில்லை. அபுதாபியின் முகமது பின் சயீத் உயிரினப் பாதுகாப்பு நிதி 2008-இல் அறிவிக்கப்பட்டபோது 2.5 கோடி யூரோ மூலதனம் ஒதுக்கப்பட்டது. விலங்கு, தாவரம், பூஞ்சை எதுவானாலும் அங்கே கேட்கலாம். ஒரே ஓடையில் மட்டும் வாழும் மீனுக்கும் தவளைக்கும் இப்படிப்பட்ட கதவுகள்தான் உதவி. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டுக்கு அரசு 2022-இல் 25.14 கோடி ரூபாயில் ஐந்தாண்டுத் திட்டம் அறிவித்தது. நல்ல செய்திதான். ஆனால் பெயர்கூட ஊருக்குத் தெரியாத உயிரினத்துக்கு அப்படி ஒரு திட்டம் எளிதில் வராது.

கேட்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள். பாறு கழுகுகளின் கதை இதற்கு நல்ல பாடம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபீனாக் வலி மருந்துதான், செத்த மாட்டின் இறைச்சி வழியே அவற்றைக் கொன்றது; வெண்முதுகுப் பாறு இந்தியாவில் 1992-க்கும் 2007-க்கும் இடையில் 99.9 விழுக்காடு குறைந்தது. 2006-இல் கால்நடைக்கான டைக்ளோஃபீனாக் தடை செய்யப்பட்டது. ஆனாலும் சாவு நிற்கவில்லை. ஏன் என்பதற்கு விடை மருந்துக் கடைகளில் இருந்தது. கணக்கெடுப்பவர்கள் சாதாரண வாடிக்கையாளரைப் போலப் போய், மாட்டுக்கு வலி மருந்து கேட்டார்கள். மனிதருக்கான 30 மில்லி குப்பியை எடுத்துக் கொடுத்த கடைகள் பல. அந்த ஆதாரம் சேர்ந்த பிறகு, 2015-இல் ஊசி மருந்துக் குப்பி 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. இப்படிப்பட்ட கணக்கெடுப்புக்குப் பேருந்துக் கட்டணமும் மருந்து வாங்கக் காசும் பொறுமையும் போதும். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுகளுக்காக கோவையின் அருளகம் அமைப்பு மருந்துக்கு எதிராக ஊர் ஊராகப் பேசி வருவதும் இதே திசையில்தான். ‘பாறுகளைக் காப்போம்’ என்ற விண்ணப்பத்தைவிட ‘இந்த மூன்று தாலுகாக்களின் மருந்துக் கடைகள்’ என்ற விண்ணப்பம் ஆயிரம் மடங்கு வலிமையானது.

அடுத்தது காலம். ஹர்கிலா மழைக்காலம் முடிந்ததும் கூடு கட்டத் தொடங்கிவிடும். பணம் மார்ச்சில் வந்தால் ஓராண்டு வீண். சரணாலயத்துக்குள் ஆய்வு என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அது எப்போது கையில் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நல்கைக்கு எழுதும் அன்றே அனுமதிக்கும் எழுதிவிடுவது நல்லது. அனுமதி தேவைப்படாத வேலைகளை, ஊர்ப் பேச்சு, பள்ளி நிகழ்ச்சி, கடைக் கணக்கெடுப்பு போன்றவற்றை, முதல் மாதங்களில் வைத்தால் காத்திருப்பு உறுத்தாது.

வெளிநாட்டுப் பணத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ கட்டாயம். பதிவு பெற அமைப்புக்கு மூன்று வயது ஆகியிருக்க வேண்டும்; அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்கவும் வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. நிர்வாகச் செலவும் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஆகவே இளம் குழுவினர் பதிவுள்ள நிறுவனத்திடம் போய் ‘எங்களுக்குப் பணத்தை வாங்கித் தாருங்கள்’ என்று கேட்பதில் பயனில்லை. அந்த நிறுவனத்தின் திட்டமாகவே வேலையைச் செய்ய ஒப்புக்கொள்ள வேண்டும். யார் கையெழுத்து, யார் வவுச்சர், தரவு யாருக்கு என்பதை முதலிலேயே எழுதிக்கொள்வது பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும். உள்நாட்டு வழியும் உண்டு: 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை தாவர, விலங்குப் பாதுகாப்பையும் சமூகப் பொறுப்புச் செலவாக ஏற்கிறது. நிறுவனங்களுக்கு மரம் நடுவது சீக்கிரம் பிடிக்கும். புல்வெளி உயிரினத்துக்காகக் கேட்கப் போனால், அங்கே மரம் நடுவது கேடு என்பதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

பணம் எப்போது நிற்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மொரீஷியஸ் கெஸ்ட்ரல் என்னும் வல்லூறு 1974-இல் அறியப்பட்ட அளவில் நான்கே நான்குதான். 1979-இல் கார்ல் ஜோன்ஸ் என்ற இளைஞரை அங்கே அனுப்பியது, அந்தத் திட்டத்தை முடித்துவைக்கத்தான். அவர் மூடவில்லை. முதல் முட்டைகளை எடுத்து அடைகாத்தார். பறவை மறுபடி முட்டையிட்டது. ஜெரால்ட் டரலின் அறக்கட்டளை துணை நின்றது. எண்ணிக்கை நூறுகளுக்கு உயர்ந்தது. 1990-களின் நடுவில் வளர்ப்புத் திட்டம் முடிவுக்கு வந்தது. 2014-இல் அந்தப் பறவை மறுபடியும் அழியும் நிலைப் பட்டியலுக்கே போயிற்று.

அதனால் முதல் நல்கை அறிக்கையின் கடைசிப் பக்கத்திலேயே அடுத்த ஐந்தாண்டுக் கணக்கெடுப்புக்கு ஆகும் செலவை எழுதச் சொல்கிறேன். ரூஃபோர்ட் முதல் நல்கையை முடித்தவர்களுக்கு இரண்டாவதையும் தருகிறது. பறவைகளை எண்ணும் ஊர்க்காரருக்கு நாள்கூலி, பைனாகுலர், பேருந்துச் செலவு என்று எழுதினாலும் அது சிறிய தொகைதான். அதை யாரும் தானாகக் கொண்டுவந்து தரமாட்டார்கள். கேட்டுத்தான் வாங்க வேண்டும்.